சோதனைக் கிணற்றுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்கிறது ஊர். கெடவில்லை என்கிறது நிறுவனம். யார் சொல்வது சரி என்று தெரிய வேண்டுமானால் மண்ணைத் துளைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தத் துளைக்கு அனுமதி தர வேண்டியவர் யார் என்பது ஓர் அலுவலக மேசையிலேயே முடிந்துவிடக்கூடிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் நில உரிமையாளர், ஊராட்சி, பொதுப்பணித்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீதிமன்றம், கிராம சபை என்று ஒவ்வொருவரையும் முன்னிறுத்தி 1882 முதல் இன்றுவரை வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. ஒரு விடை வந்ததால் முந்தைய விடை காலாவதியாகிவிடவில்லை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியை மனத்தில் வைத்து அவற்றைப் பிரித்துப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

நெடுவாசல் விட்டுச்சென்ற கேள்வி

2017 பிப்ரவரி 15 அன்று, கண்டறியப்பட்ட சிறு எண்ணெய் வயல்கள் திட்டத்தின் கீழ் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. அவற்றில் ஒன்று ஆலங்குடி வட்டத்து நெடுவாசல். மறுநாளே ஊர் தெருவுக்கு வந்தது. மார்ச்சில் ஓய்ந்த போராட்டம், மார்ச் 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஏப்ரல் 12 முதல் மீண்டும் தொடங்கி அக்டோபர் வரை நீண்டது. இது பலருக்கும் நினைவிருக்கும் கதை.

அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. நெடுவாசல், நல்லாண்டார்கொல்லை, வடகாடு, கோட்டைக்காடு, வாணக்கன்காடு வட்டாரத்தில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே விவசாயிகளிடம் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சோதனைத் துளைகள் போட்டிருந்தது. போராட்ட நாள்களில் செய்தியாளர்களை ஊர்க்காரர்கள் அழைத்துப்போய்க் காட்டியது, அந்தப் பழைய இடங்களில் கிடந்த எண்ணெய்க் கழிவுத் தொட்டிகளைத்தான். புதிய திட்டம் வேண்டாம் என்ற கோரிக்கையோடு, பழைய துளைகளை மூடி நிலத்தைச் சீர்செய்து திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்தே இருந்தது.

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் முதல் கோரிக்கைக்குப் பெருமளவு விடை தந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய 5 ஒன்றியங்கள் அதில் அடங்கின. எண்ணெய், எரிவாயு ஆய்வும் துளையிடலும் எடுத்தலும் தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் சேர்ந்தன. இருந்தும் 2021 ஜூனில் மாவட்டத்தின் வடதெரு பகுதி மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மண்டலச் சட்டம் வருங்காலத் துளைகளைப் பற்றியது. பழைய இடங்களின் அடியில் நீர் எப்படி இருக்கிறது என்பதைச் சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. ஆகவே நெடுவாசல் வட்டாரத்தை மாசடைந்த இடம் என்று சொல்வதும் தவறு, மாசற்றது என்று சொல்வதும் தவறு. சந்தேகத்துக்குரிய இடம் என்பதே இப்போதைக்குப் பொருந்தும் பெயர்.

முதல் விடை: நிலம் என்னுடையது, துளையும் என்னுடையது

ஆகப் பழைய விடை 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. தெளிவான வாய்க்காலாக ஓடாமல் நிலத்துக்கடியில் பரவியிருக்கும் நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்தும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு உண்டு என்று அதன் 7 ஆம் பிரிவின் விளக்க எடுத்துக்காட்டு சொல்கிறது. நீரை எடுக்கவே தடையில்லாதபோது நீரைப் பார்ப்பதற்கு ஏன் அனுமதி என்பது இந்த வாதத்தின் நீட்சி. நீரைச் சோதிக்க மட்டும் போடும் கண்காணிப்புக் கிணற்றில் மோட்டார் இல்லை. மாதிரி எடுக்கும் நாளில் சில குடம் நீர் வெளியே வரும், அவ்வளவுதான்.

இந்த உரிமையின் எல்லை கேரளத்தின் பிளாச்சிமடையில் சோதனைக்கு வந்தது. கோக்கோ கோலா ஆலைக்குப் பெருமாட்டி ஊராட்சி 2003 இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே என்று அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல் நில உரிமையாளர் பக்கம் சாய்ந்தது. இரண்டு பார்வைகளுமே இன்றைக்கும் வழக்குகளில் எடுத்துச் சொல்லப்படுகின்றன.

மாசடைந்த இடத்தைப் பொறுத்தவரை இந்த விடையின் பலவீனம் சட்டத்தைவிட மண்ணில்தான் அதிகம். புதுக்கோட்டையின் மேற்குப் பாதி கடும்பாறை. கிழக்குப் பாதியில் மணலும் களியும் மணற்பாறையுமாக அடுக்கு அடுக்காய்ப் படிவுகள். கீரமங்கலம், வடகாடு பக்கம் பாசனத்துக்கு ஆழ்குழாய் போடுபவர்கள் நல்ல மணல் வரும் அடுக்குகளில் எல்லாம், நீர் உள்ளே வரத் துளையிட்ட ஃபில்டர் பைப் வைப்பதுண்டு. பாசனத்துக்கு அது லாபம். மேலடுக்கில் எண்ணெயோ குரோமியமோ இருந்தால், அதே குழாய் அதைக் கீழடுக்குக்கு இறக்கிவிடும் குறுக்குவழி ஆகிவிடும். சோதிக்கப் போட்ட துளையே கெடுதலைப் பரப்பும் துளையாவது உலகெங்கும் நிலத்தடி நீர் வல்லுநர்கள் எச்சரிக்கும் விஷயம். மண்ணடியில் இரண்டு பட்டாக்களுக்கு நடுவே வரப்பு கிடையாது. அந்த வகையில் என் நிலம், என் துளை என்ற வாதம் பக்கத்து வயலுக்குப் பதில் சொல்வதில்லை.

இரண்டாம் விடை: கிணறு என்றால் கிணறுதான்

அடுத்த விடை பாதுகாப்பிலிருந்து பிறந்தது. கைவிடப்பட்ட ஆழ்துளைகளில் குழந்தைகள் விழுந்து இறந்த தொடர் நிகழ்வுகளை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2010 இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. துளையிடுவதற்கு 15 நாள் முன்பே உரிய அலுவலர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையும் முள்வேலியும் வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கான கிணறு தோண்டுதல் முறைப்படுத்தல் விதிகள் 2015 இல் வந்தன. ஊராட்சியின் முன் அனுமதி கட்டாயமானது. 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக்குள் விழுந்து மாண்ட பிறகு இந்த விதிகள் உயிர் பெற்றன. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் போர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே விடையின் மற்றொரு கிளை நீரின் அளவைப் பற்றியது. 2003 இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் சரியாக நடைமுறைக்கு வராமலே 2013 இல் நீக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தை 2014 ஜூலை 23 தேதியிட்ட பொதுப்பணித்துறை அரசாணை 142 நிரப்புகிறது. குறுவட்டங்களை நீர் எடுப்பின் அளவுப்படி வகை பிரித்து, அதற்கேற்பத் தடையின்மைச் சான்று தருவது அதன் முறை. ஒரு மாநிலத்தின் நிலத்தடி நீர் பெரும்பாலும் சட்டமில்லாமல் ஓர் அரசாணையை நம்பி இருப்பது விசித்திரம்தான். மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 1997 இல் உருவாகியிருந்தாலும், தமிழ்நாடு தன் சொந்த ஏற்பாட்டின்படியே நடக்கிறது.

இந்த விடையின் குறை, கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், என்ன பயன்பாடு, அருகில் குடிநீர்க் கிணறு உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். ஃபில்டர் எந்த ஆழத்தில், அடைப்பு எதனால், துளையிலிருந்து வரும் சேற்றை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்பதில்லை. மாசடைந்த இடத்தில் முக்கியம் இந்த மூன்றும்தான்.

சற்று நெருங்கிப் பார்க்கலாம். எண்ணெய் கலந்த இடத்தில் போடும் கண்காணிப்புக் கிணறு ஆழமானதாக இருக்கத் தேவையில்லை. டீசல் போன்றவை நீரின் மேல் மிதக்கும். ஆகவே ஃபில்டர் பைப் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கிச் சற்றுக் கீழே முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த தை மாதத்துக்கும் கோடைக்கும் இடையே இந்த மாவட்டத்தில் நீர்மட்டம் பல மீட்டர் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் ஃபில்டர் தழுவியிருக்க வேண்டும். ஃபில்டர் முழுதும் நீருக்குள் மூழ்கிவிட்டால், மேலே ஒரு விரற்கடை எண்ணெய் மிதந்தாலும் கிணற்றுக்குள் வராது. அறிக்கையில் ‘எண்ணெய் இல்லை’ என்று வந்துவிடும். ஃபில்டரைச் சுற்றிக் கழுவிய சரளை மணல், அதன்மேல் பென்டோனைட் களிமண் அடைப்பு, அதன்மேல் தரைவரை சிமெண்ட் குழம்பு, தலையில் பூட்டுப் போட்ட மூடி. மாதிரி எடுக்குமுன் குழாயில் தேங்கிய நீரைப் போல மூன்று மடங்கு நீரை வெளியேற்றுவது வழக்கமான முறை.

இதோடு மத்திய ஆணையத்தின் 2020 செப்டம்பர் நெறிமுறைகளை ஒப்பிட்டால் முரண் தெரியும். நீர் எடுக்கும் ஆலைகள் பீசோமீட்டர், அதாவது நீர்மட்டம் அளக்கும் கிணறு, வைக்க வேண்டும் என்கின்றன அவை. நீர் எடுக்கும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, அதே ஆழத்தில் வைக்க வேண்டும். நீர்மட்டம் பார்க்க இது சரியான ஏற்பாடு. மிதக்கும் எண்ணெயைக் கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமற்ற ஆழம் இருக்காது. கிணறு என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு கருவிகளை அடக்கியதன் விளைவு இது.

மூன்றாம் விடை: அனுமதி எதற்கு, ஆணை போதும்

1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வேறொரு பாதையைத் திறந்தது. அதில் ‘நீரோடை’ என்பதன் வரையறையிலேயே நிலத்தடி நீர் அடங்கும். ஓடையிலோ கிணற்றிலோ மாதிரி எடுக்க வாரியத்துக்கு 21 ஆம் பிரிவும், வளாகத்துக்குள் நுழைய 23 ஆம் பிரிவும் அதிகாரம் தருகின்றன. 33ஏ பிரிவின் கீழ் உத்தரவே போடலாம். வாரியமோ பசுமைத் தீர்ப்பாயமோ ஆணையிட்டால் மற்ற அனுமதிகள் தாமாகப் பின்தொடரும் என்பது இந்த நிலைப்பாடு. அமெரிக்காவில் 1980 இல் வந்த அபாயகரக் கழிவு விதிகள் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தன: கழிவு வைக்கும் இடத்தின் நீரோட்ட மேற்புறம் குறைந்தது ஒன்று, கீழ்ப்புறம் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். நம் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் (2016) குப்பை நிரப்பிடத்தின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைச் சோதித்துவரச் சொல்லியிருந்தன.

இந்த விடையில் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன. முதலாவது, இருக்கும் கிணற்றிலிருந்து மாதிரி எடுக்கும் அதிகாரம் தெளிவு. சம்மதிக்காத ஒருவரின் பட்டா நிலத்தில் புதிய துளை போடும் அதிகாரம் அவ்வளவு தெளிவில்லை. மாசு ஆலைச் சுவரோடு நின்றுவிடாது என்பதால் கீழ்ப்புறக் கிணறுகள் பெரும்பாலும் அடுத்தவர் வயலில்தான் அமைய வேண்டிவரும். இரண்டாவது, வாரியம் வழக்கமாக ஆணையிடுவது நிறுவனத்துக்கு. நிறுவனமே இடத்தைத் தேர்ந்து, துளை போட்டு, பூட்டுச் சாவியையும் வைத்துக்கொள்கிறது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில், நாக்பூரின் நீரி நிறுவனம் 1998 இலும் அடுத்த ஆண்டும் தந்த அறிக்கைகள் வெவ்வேறு தொனியில் அமைந்தது அந்த நீண்ட சச்சரவின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று. ஆலையை மூடியது செல்லும் என்று 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் முடிவு சொல்லும்வரை நிலத்தடி நீர் பற்றிய வாதம் ஓயவில்லை. மூன்றாவது, ஆணை பிந்தி வருகிறது. 2013 இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் பெட்ரோலியக் குழாய்க் கசிவைக் காட்டிக்கொடுத்தது வீடுகளின் ஆழ்குழாய்த் தண்ணீரில் மிதந்த எண்ணெய். பசுமைத் தீர்ப்பாயம் அதற்குப் பிறகே வந்தது. இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவைப் பற்றிக் கிணறுகளும் அறிக்கைகளும் குவிந்தன. கழிவு பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாரியம் எடுக்கும் கழிவுநீர் மாதிரியானால், 21 ஆம் பிரிவின்படி இடத்துக்குரியவருக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை முறைப்படி பிரித்து முத்திரையிட்டால்தான் அந்த முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாகும். ஊர்க்காரர் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீர் செய்தியாகலாம், அந்தச் சட்டத்தின்படி எடுத்த மாதிரியாகாது.

நான்காம் விடை: ஊர் சம்மதிக்க வேண்டும்

நெடுவாசலுக்குப் பின் வலுப்பெற்ற விடை இது. எந்தத் துளையானாலும் கிராம சபை ஒப்புதல் வேண்டும் என்கிறார்கள். போர் வண்டி ஊருக்குள் நுழைந்தால், அது எண்ணெய்க்கா எண்ணெயைச் சோதிக்கவா என்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஏமாந்த ஊர் சந்தேகப்படுவதில் குற்றமில்லை. மண்டலச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுவுக்கான துளையைத்தான். கண்காணிப்புக் கிணறு அந்தத் தடைக்குள் வராது என்றே வாசிக்கத் தோன்றுகிறது. ஆனால் அதை ஊருக்கு எடுத்துச்சொல்லும் அதிகாரபூர்வக் குறிப்பு ஏதும் சட்டத்தில் இல்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் இரண்டு. ஒன்று, பட்டா நிலத்துத் துளையைக் கிராம சபைத் தீர்மானம் சட்டப்படி எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பது உறுதியில்லை. ஊராட்சி வசமுள்ள புறம்போக்கில்தான் அதன் குரல் வலுவானது. இரண்டு, மறுப்பு எப்போதும் ஊருக்குச் சாதகமாக அமைவதில்லை. துளையே கூடாது என்றால் தரவும் கிடையாது. தரவு இல்லாத இடத்தில் மாசு நிரூபிக்கப்படவில்லை என்ற வாக்கியம் நிறுவனத்துக்கே உதவும்.

ஊரார் பங்கேற்பில்லாத அறிவியல் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் நல்ல எடுத்துக்காட்டு. வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரே அந்த வட்டாரத்தின் குடிநீர். அனல் மின் நிலைய வளாகத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தது என்ற புகார் 2014, 2015 காலத்தில் பெரிதாக வெடித்தது. அரச நீர் வழங்கல் சபையின் சோதனைகள் எண்ணெய்ப் படிவைக் காட்ட, வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு வேறு திசையில் போனது. எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில் மாதிரி எடுப்பது என்பதில் முன்கூட்டிய உடன்பாடு இருந்திருந்தால் இந்த முரண் இவ்வளவு கசப்பாகியிருக்காது எனலாம். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், அந்த மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் ஊரார் பல ஆண்டுகள் பவுசர் (லாரி) தண்ணீருக்கு வரிசையில் நின்றிருந்தார்கள்.

2025 விதிகள்: புதிய விடையா?

மாசடைந்த இடங்களுக்கென்றே இந்தியாவில் தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வந்தன. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும். 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு. அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசு உறுதியானால் இடத்தை அறிவித்து, சீரமைப்புத் திட்டம் வகுத்து, பொறுப்பாளியைக் கண்டறிந்து செலவை வாங்க வேண்டும். காலக்கெடுவோடு ஒரு நடைமுறை வந்திருப்பது முன்னேற்றமே.

ஆனால் அந்த மூன்று மாதம் கிழக்குப் புதுக்கோட்டையில் போதுமா என்பது சந்தேகம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்க்காத நீர்மட்ட ஆய்வு பாதி ஆய்வுதான். பட்டாதாரர் சம்மதம், ஊராட்சி அனுமதி, 15 நாள் முன்னறிவிப்பு என்று வரிசையாகப் போனால் காலக்கெடுவில் பெரும்பகுதி காகிதத்திலேயே கழிந்துவிடும். மேலும் கதிரியக்கக் கழிவு, சுரங்கப் பணி, கடலில் எண்ணெய்க் கசிவு, திடக்கழிவுக் கிடங்கு ஆகியவை பொதுவாக இவ்விதிகளுக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. எண்ணெய்த் துளை சுரங்கப் பணியா? தொழிலாளர் பாதுகாப்புக்கான 1952 ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் எண்ணெய்க் கிணற்றைச் சுரங்கமாகவே பார்த்தது; 2025 இல் திருத்தப்பட்ட எண்ணெய் வயல்கள் சட்டம் பெட்ரோலியக் குத்தகையைச் சுரங்கக் குத்தகையிலிருந்து பிரித்து நிறுத்துகிறது. நல்லாண்டார்கொல்லை போன்ற பழைய இடங்கள் புதிய விதிகளுக்குள் வருமா என்பது இந்த ஒரு சொல்லை யார் எப்படி வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. விதிகளின் நோக்கத்தைப் பார்த்தால் உட்படுத்தி வாசிப்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும்.

திறந்தே இருப்பவை

நான்கு விடைகளில் எதுவும் முழுப் பிழை அல்ல. நில உரிமையாளரின் சம்மதம், குழந்தைகளின் பாதுகாப்பு, வாரியத்தின் அதிகாரம், ஊரின் ஒப்புதல் எல்லாமே தேவை. இவற்றில் எதைச் சார்ந்தாலும் இன்னும் தீராத கேள்விகள் சில உள்ளன. கண்காணிப்புக் கிணற்றுக்கென்று தனிப் படிவமும் கட்டுமான அளவுகோலும் அரசாணை 142 இல் சேர்க்கப்படுமா? சம்மதம் மறுக்கப்பட்ட பட்டா நிலத்தில் என்ன செய்வது? எண்ணெய் கலந்த துளைச்சேற்றை யார் செலவில் எங்கே அகற்றுவது? ஆய்வு முடிந்தபின் கிணற்றை அடிவரை சிமெண்ட் குழம்பால் நிரப்பி மூடும் பொறுப்பு யாருடையது? இவற்றில் முதலாவது ஒரு துறைக் கையெழுத்தில் முடியக்கூடியது. இரண்டாவதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படலாம். அனுமதி தருபவர் யார் என்பதைவிட, இடத்தைத் தேர்பவர் யார், சாவி யாரிடம், முடிவு எத்தனை நாளில் ஊராட்சிப் பலகையில் ஒட்டப்படும் என்பவையே பயனுள்ள நிபந்தனைகள் என்று இதுவரையான அனுபவம் காட்டுகிறது.

இந்த நிபந்தனைகளை எழுதிவைக்க எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பழைய எண்ணெய்த் துளைகள் உள்ள ஊராட்சிகள் அன்றைய கூட்டத்தில், தங்கள் ஊரின் சந்தேகத்துக்குரிய இடங்களைச் சர்வே எண்ணோடு தீர்மானமாக எழுதி, 2025 விதிகளின் கீழ் பட்டியலில் சேர்க்கும்படி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். அதே தீர்மானத்தில் கிணற்றின் இடம், ஃபில்டரின் ஆழம், இரண்டு பருவ மாதிரி, ஊராட்சியிடம் ஒரு மாற்றுச் சாவி ஆகியவற்றையும் சேர்த்துவிட வேண்டும்.